கேளுங்கள், சொல்கிறோம்: கித்தா (ரப்பர்) காட்டில் ஒரு திகில் படம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, உண்மையில் நடந்த தொடர்கொலை ஒன்றை வைத்து நாற்பது நிமிடத் திகில் படம் எடுக்கப் போகிறார்கள். கையில் இருப்பது 15,000 வெள்ளி (ரிங்கிட்). அவர்களும் அவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த மாதப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவின் எட் கீன் கதையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து எடுக்கலாம் என்று நினைக்கிறோம். படத் தொடக்கத்தில் ‘உண்மைச் சம்பவம்’ என்று போடலாமா?
— படக்குழுவினர், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் உண்மை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட் கீன் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில் தனியாக வாழ்ந்தவர். அவர் தாயார் 1945-இல் இறந்தார். 1957 நவம்பர் 16 அன்று ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பெண்மணி காணாமல் போனார். கடையில் கடைசியாக எழுதப்பட்ட ரசீது, வண்டி எஞ்சினில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்துக்கானது. அந்த ரசீதுதான் காவலர்களை கீன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. 1954-இல் மதுக்கடை நடத்திய இன்னொரு பெண்ணைக் கொன்றதையும் அவர் ஒப்புக்கொண்டார். உறுதியான கொலைகள் இந்த இரண்டுதான். வீட்டில் கிடைத்த மற்ற உடற்பாகங்கள் இடுகாட்டில் தோண்டி எடுத்தவை. 1968-இல் ஒரு கொலைக்குக் குற்றவாளி என்றும், மனநிலை சரியில்லாதவர் என்றும் தீர்ப்பானது. 1984-இல் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

இதில் சங்கிலி ரம்பம் எங்கே இருக்கிறது? கீன் கொன்றது துப்பாக்கியால். 1974-இல் வந்த ‘டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ படம் தன்னை உண்மைக் கதை என்று சொல்லிக்கொண்டாலும், அது கீனிடமிருந்து எடுத்துக்கொண்டது மனிதத் தோல் முகமூடியையும் எலும்புச் சாமான்களையும்தான். ஊர், குடும்பம், ரம்பம் எல்லாம் கற்பனை. ‘சைக்கோ’ (1960) எடுத்துக்கொண்டது இறந்த தாயின் பிடியிலிருந்து விடுபடாத மகனை மட்டும். ஒரே மனிதனிடமிருந்து ஒரே ஒரு இழையை உருவிக்கொண்டு, இரண்டு படங்களும் இரண்டு வேறு திசையில் போயிருக்கின்றன. நீங்களும் அப்படியே செய்யுங்கள். எங்கள் பார்வையில், எடுக்கத் தகுந்த இழை அந்த ரசீது. தோட்டத்து ஒட்டுக்கடையில் கடன் நோட்டு இருக்கிறது. கடைக்காரர் காணாமல் போன அன்று, கடைசி வரியில் யார் பெயருக்கு என்ன எழுதியிருக்கிறது? நாற்பது நிமிடப் படத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகவே ‘உண்மைச் சம்பவம்’ என்று போடாதீர்கள். ‘நடந்த ஒரு வழக்கின் சில கூறுகளைத் தழுவிய கற்பனை’ என்று போட்டால் அது பொய்யாகாது, படத்தின் பயமும் குறையாது.

கொலைகாரன் சொன்னதையே ஆதாரமாக நம்பிவிட வேண்டாம் என்பதற்கு ஹென்றி லீ லூக்கஸ் வழக்கு பாடம். நூற்றுக்கணக்கான கொலைகளைச் செய்ததாக அவரே சொன்னார். அத்தனையும் நடந்திருக்கவே முடியாது என்று டெக்சஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் 1986 அறிக்கை காட்டியது. 1998-இல் அவருடைய மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. தீர்ப்பின் நகல், மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அந்த நாளின் செய்தித்தாள் என்ற வரிசையில் படியுங்கள். வாக்குமூலத்தைக் கடைசியில் படித்தால் போதும்.

கேள்வி: வெளிநாட்டுக் கதை எதற்கு? நம் நாட்டிலோ தமிழ்நாட்டிலோ நடந்த வழக்கை எடுத்தால் மக்கள் அதிகம் பார்ப்பார்களே? பெயரை அப்படியே வைக்கலாமா?
— கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: மக்கள் பார்ப்பார்கள். அதோடு, செத்தவரின் அக்கா, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பார்ப்பார்கள். தோட்டத்தில் இருந்து தோட்டத்துக்கு உறவு ஓடும் சமூகம் நம்முடையது. பாகான் செராயில் நடந்ததைச் சுங்கை சிப்புட்டில் படமாக்கினால், முன் வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர் சார்பில் குடும்பத்தார் சிவில் அவதூறு வழக்குப் போட முடியாது என்றாலும், நம் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 499-வது பிரிவு, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கோடு இறந்தவரை இழிவுபடுத்துவதையும் அவதூறாகக் கருதுகிறது. உயிரோடிருக்கும் உறவினரைக் கதாபாத்திரமாக்கினால் அது தனிச் சிக்கல்.

தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கர் ஆறு கொலைகளுக்காக 1995-இல் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய சம்மதமும் இல்லாமல் எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் தனிவாழ்க்கைக்குள் போவதானால் சம்மதம் வேண்டும், பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. அந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் திரைக்கதை எழுதும் ஒருவருக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

நடைமுறையில் நான்கையும் மாற்றுங்கள்: பெயர், ஊர், தொழில், ஆண்டு. மூன்றை மாற்றி ஒன்றை விட்டுவைத்தாலும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 1993-இல் ராவூப்பில் நடந்த அரசியல்வாதி கொலையை நினைவூட்டிய ‘டூக்குன்’ என்ற மலாய்ப் படம், எடுத்து முடித்துப் பத்தாண்டுக்கும் மேல் பெட்டிக்குள்ளேயே கிடந்து 2018-இல்தான் திரைக்கு வந்தது. பெரிய நிறுவனம் அந்தக் காத்திருப்பைத் தாங்கும். உங்கள் 15,000 வெள்ளி தாங்காது.

கேள்வி: அந்த 15,000-ஐ எப்படிப் பிரிப்பது? நல்ல கேமரா வாடகைக்கு எடுக்க 6,000 ஒதுக்கியிருக்கிறோம்.
— தயாரிப்புப் பொறுப்பாளர்

பதில்: அந்த 6,000 வீண். குழுவில் யாராவது ஒருவரிடம் இருக்கும் கண்ணாடியில்லாக் (மிரர்லெஸ்) கேமராவும், 1.8 துளை கொண்ட 35, 50 மில்லிமீட்டர் லென்சுகளும் போதும். ‘ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்’ என்ற படம் 1985-இல் சிக்காகோவில் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் ஏறத்தாழ 1,10,000 டாலரில் எடுக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் கேமரா கொலைகளைக் காட்டாமல், அசையாமல் கிடக்கும் உடல்களைக் காட்டுகிறது. கொலை நடக்கும் ஓசை பின்னணியில் கேட்கிறது. பார்ப்பவர் குலைநடுங்கிப் போவது காதால். பணத்தை ஒலியில் போடுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவி வாடகைக்கும் பிற்பாடு ஒலிக்கலவைக்கும் 3,500. விளக்கு, மின்கலன், கம்பிகளுக்கு 2,500. உடை, அரங்கப் பொருள், ரத்தம் எல்லாம் சேர்த்து 1,500. போக்குவரத்து 1,200. உரிமம், தணிக்கை, காகித வேலைக்கு 1,000. நிறச் சீரமைப்புக்கு 1,000. முதலுதவி, விபத்துக் காப்புறுதிக்கு 600. சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்: நடிகரோடு சேர்த்து 14 பேர், 8 இரவு, இரண்டு வேளை, தலைக்கு 8 வெள்ளி என்றால் 1,792. இரவு இரண்டு மணிக்குச் சூடாக மீகோரெங்கும் தேநீரும் வராவிட்டால் மூன்று மணிக்கு எடுக்கும் காட்சி எதுவும் தேறாது.

வன்வட்டு இரண்டு வாங்குங்கள். கணக்கு இப்படி: 4கே, நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு முக்கால் ஜிபி. நாற்பது நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுத்தாலும் 320 நிமிடம், 240 ஜிபிதான். ஆளுக்கு 1 டிபி உள்ளதாக இரண்டு, இரண்டுக்கும் 600 வெள்ளி, இரண்டும் வேறு வேறு வீட்டில். ஒரே பையில் இரண்டையும் வைத்தால் நகல் எடுத்ததே வீண். மீதி 1,300 சொச்சத்தை யாரும் தொடக் கூடாது. மழை ஓர் இரவைத் தின்றுவிடும், அந்த இரவுக்கு அது வேண்டும்.

கேள்வி: ரத்தம் எப்படிச் செய்வது? பாசார் மாலாம் (இரவுச் சந்தை) சிவப்புச் சாயத்தில் செய்து பார்த்தோம், சர்பத் மாதிரி இருந்தது.
— கலைப் பொறுப்பாளர்

பதில்: சிவப்பு மட்டும் போட்டால் சர்பத்துதான். ரத்தத்தில் கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் நீலமும் இருக்க வேண்டும்.

கேக் செய்யும் சாமான் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் சிரப் 500 மில்லி. வெதுவெதுப்பான தண்ணீர் 120 மில்லி. இனிப்புச் சேர்க்காத கோகோ தூள் ஒரு மேசைக்கரண்டியைச் சலித்து, அந்தத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். நேரே சிரப்பில் கொட்டினால் திட்டுத் திட்டாக மிதக்கும், கேமராவில் அது மண் மாதிரித் தெரியும். திரவச் சிவப்பு உணவுச்சாயம் நான்கு தேக்கரண்டி, நீலம் மூன்று சொட்டு. நான்காவது சொட்டில் ஊதாவாகிவிடும், கவனம். கெட்டியாக வழிய வேண்டுமென்றால் சோளமாவு ஒரு மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் காய்ச்சி ஆறவைத்துச் சேருங்கள். முதல்நாளே செய்து வைத்தால் குமிழ்கள் அடங்கியிருக்கும். ஒரு காட்சிக்கு ஒரு லிட்டர் போதும்.

நிறத்தை வீட்டுக் குழல்விளக்கில் சோதிக்காதீர்கள். 3200 கெல்வின் மஞ்சள் ஒளியில் அது ஆரஞ்சுப் பக்கம் சாயும், நீல நிலவொளியில் வெறும் கறுப்பாகத் தெரியும். நீல ஒளிக் காட்சிக்கு நீலச் சொட்டை விட்டுவிட்டு, சிவப்பைக் கூட்டித் தனியாக ஒரு போத்தல் செய்துகொள்ளுங்கள். காய்ந்த ரத்தம் மின்னக் கூடாது. மறுநாள் காட்சி என்றால் கோகோவை இரண்டு மடங்காக்கி, தூரிகையால் மெல்லிசாகப் பூசி, மேலே பவுடர் ஒற்றுங்கள்.

உடைக்குப் போடுவதில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்தால் கறை ஓரளவு கழுவ வரும். அந்தப் போத்தலில் ‘வாய், கண் படக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். நடிகரின் தோலில் முதலில் பேபி ஆயில் தடவிவிட்டால் சாயம் ஒரு நாளைக்கு மேல் நிற்காது.

நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் சர்க்கரைப் பாகு ஊற்றினால் பத்து நிமிடத்தில் வரிசை கட்டிவிடும், ‘செத்துக் கிடக்கும்’ நடிகர் துள்ளி எழுவார். பாய்க்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். ஒவ்வொரு எடுப்புக்கும் இடையில் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ரத்தப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள்.

சட்டை ஒரே மாதிரி நான்கு வேண்டும்: கறையில்லாதது, முதல் கறை, முழுக் கறை, உபரி. டெக்சஸ் படத்தின் முகமூடிக்காரருக்கு ஒரே உடுப்புதான் இருந்தது. துவைத்தால் நிறம் மாறிவிடும் என்று, கோடை வெயிலில் வாரக்கணக்காகத் துவைக்காமலே போட்டு நடித்தார், பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை. அதே படத்தில் திரையில் தெரியும் ரத்தம் மிகக் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். வெட்டு விழுவது பார்ப்பவர் மனத்தில்தான்.

கேள்வி: கோழி ரத்தம் சும்மா கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் என்ன?
— சந்தைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். சீக்கிரம் உறைந்துவிடும், நாறும், கிருமி கண்ணிலும் வாயிலும் புகும்.

கேள்வி: கதை கித்தாக் காட்டில் நடக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் செம்பனை ஆகிவிட்டது. இரவில் எதில் எடுப்பது எளிது? விளக்கு எப்படி வைப்பது?
— ஒளிப்பதிவாளர்

பதில்: பழைய கித்தாத் திடல் ஒன்று மிச்சமிருந்தால் அதையே பிடியுங்கள். கித்தா மரத்தின் அடிமரம் வெளிர் நிறம். பின்னாலிருந்து ஒரு விளக்கு அடித்தால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக எழுந்து நிற்கும், நேர்வரிசை கண்ணை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். செம்பனையில் அடிமரம் கருமை, மட்டைகள் கூரை மாதிரி மூடிவிடும், மரங்கள் முக்கோண நடவில் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் நிற்கும். ஆள் மறைந்து மறைந்து வரும் காட்சிக்கு அந்த முக்கோணம் நல்லது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சந்து தெரியும், எந்தச் சந்திலிருந்தும் ஒருவன் வரலாம்.

விளக்கை நடிகருக்கு முன்னால் வைக்காதீர்கள். அவருக்குப் பின்னால் 15 முதல் 20 மீட்டர் தள்ளி, இரண்டு ஆள் உயரத்தில் வைத்து மரத்தால் மறைத்துவிடுங்கள். முகத்துக்கு வெள்ளை அட்டையிலிருந்து திரும்பி வரும் கசிவு போதும்.

கித்தாக் காட்டின் மிகச் சிறந்த விளக்கு பால் வெட்டுகிறவர் நெற்றியில் கட்டும் விளக்கு. விடியுமுன் காட்டுக்குள் போகும் அம்மாவுக்குத் தெரிவது எதிரே ஒரு வட்டம் மட்டும்: மரம், வெட்டுப் பட்டை, பால் விழும் மங்கு. தலையைத் திருப்பினால் வட்டமும் திரும்பும், விட்டுவிட்டு வந்த இடம் இருண்டுவிடும். பார்வையாளருக்கும் அந்த வட்டத்தைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள். அடுத்த மரத்துக்கு நடக்கிறார், உளியை வைக்கிறார், பட்டை சுருண்டு விழுகிறது, பால் கோடு ஓடி மங்கில் சொட்டுகிறது. மூன்றாவது மரத்தில் வட்டம் விழும்போது அங்கே ஏற்கெனவே புதிதாக வெட்டியிருக்கிறது, மங்கு பாதி நிறைந்திருக்கிறது. அந்த நிரையில் அவரைத் தவிர வேறு யாரும் வெட்டுவதில்லை. இதற்குக் கத்தியும் தேவையில்லை, ரத்தமும் தேவையில்லை.

நெற்றி விளக்கு நேரே கேமராவைப் பார்த்தால் படம் வெளுத்துவிடும். கண்ணாடி மேல் ஒரு துண்டு பேக்கிங் தாளை ஒட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். வேறு வேகம் வைத்தால் லயத்துக் குழல்விளக்குகளிலும் மலிவு எல்இடியிலும் பட்டை பட்டையாக ஓடும், பிற்பாடு அதை அழிப்பது பெரும்பாடு. வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள்.

குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்சில் வேர்த்துக்கொள்ளும். அரைமணி முன்பே பையோடு வெளியில் வைத்துவிடுங்கள். மழை விட்ட இரவில் ஈசல் விளக்கை மொய்க்கும். 30 மீட்டர் தள்ளி, காட்சிக்கு வெளியே, ஒரு வெள்ளை விளக்கைச் சும்மா எரியவிடுங்கள், பூச்சிகள் பெரும்பாலும் அங்கே போய்விடும். புகை இயந்திரம் வாடகைக்கு எடுக்குமுன் விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். பல நாள் இயற்கையே மூடுபனி தரும், காசில்லாமல்.

பாதுகாப்பைக் குறைத்து எண்ண வேண்டாம். செம்பனையில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். முட்டி வரை பூட்சு இல்லாமல் யாரும் திடலுக்குள் இறங்கக் கூடாது. ஒரு குலை 20 கிலோவுக்கு மேல் இருக்கலாம், பழுத்த குலைக்குக் கீழே நடிகரைப் படுக்கவைக்காதீர்கள். எந்தத் திடலில் அன்று மருந்து அடித்தார்கள் என்று தோட்டக் கண்காணியான மண்டோரிடம் கேட்டுவிட்டு அதைத் தவிருங்கள்.

கேள்வி: சோதனைக்கு ஒரு காட்சி எடுத்தோம். வெட்டிச் சேர்த்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் பின்னணிச் சத்தம் தாவுகிறது. கேமராவில் கோளாறா?
— படத்தொகுப்பாளர்

பதில்: கோளாறு சில்வண்டில். பொழுது சாயும் நேரத்தில் சில்வண்டு உச்சத்துக்குப் போகும், இருட்டியதும் சட்டென அடங்கும், பிறகு தவளையும் வேறு பூச்சிகளும் எடுத்துக்கொள்ளும். ஏழு மணிக்கு எடுத்த ஷாட்டையும் எட்டரைக்கு எடுத்ததையும் ஒட்டினால் இரண்டு வேறு காடு மாதிரி இருக்கும். ஏழேகாலுக்கும் எட்டுக்கும் இடையில் வசனக் காட்சியே வைக்காதீர்கள். அந்த நேரம் மக்ரிப் தொழுகை அழைப்பும் வரும், அதைச் சாப்பாட்டு இடைவேளையாக்குங்கள். சுங்கை சிப்புட்டில் ரயில் பாதை இருக்கிறது, கால அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மணிக்கும், எல்லாரும் அசையாமல் நின்று 60 நொடி வெற்றுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். தொகுப்பில் அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்துவிட்டால் தாவல் மறையும். அதே பதிவு இன்னொன்றுக்கும் உதவும். கொலைகாரன் நெருங்கும் இடத்தில் பூச்சிச் சத்தத்தை ஐந்து நொடியில் மெல்ல இறக்கிச் சுத்தமாக நிறுத்துங்கள். காட்டில் ஆள் நடமாட்டம் பட்டால் பூச்சி வாயடைத்துப்போகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். பின்னணி இசை இல்லாமலே மயிர்க்கூச்செறியும்.

ஒலிவாங்கியை நடிகரின் வாயிலிருந்து 30, 40 சென்டிமீட்டருக்குள், சட்டகத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். மின்னாக்கி இயந்திரத்தை 60 மீட்டராவது தள்ளி, கட்டடத்துக்கோ மேட்டுக்கோ பின்னால் வையுங்கள். நீளம் கூடினால் மெல்லிய கம்பி சூடாகும், தடித்த கம்பி வாங்குங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் வசனத்தை மறந்துவிட்டு அந்த மழையையே பதிவு செய்யுங்கள், எங்காவது உதவும்.

கத்தி இறங்கும் ஓசைக்கு முட்டைக்கோஸ், எலும்பு முறிய கரும்பு அல்லது செலரித் தண்டு, உடல் விழ நனைத்த துண்டைச் சிமெண்டில் அடிப்பது. மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிடாதீர்கள், கேலியாகிவிடும். ஒன்று போதும்.

கேள்வி: கொலைகாரன் கொலைக்கு முன்னால் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் கும்பிடுகிற மாதிரி ஒரு காட்சி கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா?
— கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்

பதில்: மறுத்துவிடுங்கள். காவல் தெய்வத்தின் முன்னால் ஊரே நேர்ந்துகொள்கிறது. அந்த இடத்தைக் கொலைகாரனோடு சேர்த்துக் காட்டினால், படம் முடிந்த பிறகும் பிள்ளைகள் மனத்தில் அது ஒட்டிக்கொள்ளும். தணிக்கை வாரியமும் சமயம் தொட்ட காட்சிகளைக் கூர்ந்து பார்க்கும். படக்குழுவுக்கு ஒரு மாற்று: அவன் கோயிலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றாமல் போகிறான், மற்றவர்கள் எல்லாரும் கழற்றுகிறார்கள். அதைத் தெருவிலிருந்தே எடுத்துவிடலாம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளை நடிக்கக் கேட்கிறார்கள். அம்மா இறந்துகிடப்பதைப் பார்த்து அலற வேண்டுமாம். பயமாக இருக்கிறது.
— தாயார், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் பயம் நியாயம், அம்மா. ஆனால் முறையோடு எடுத்தால் உங்கள் மகள் எந்தக் கோரத்தையும் பார்க்கத் தேவையே இல்லை. குழந்தையின் முகத்தை ஒரு ஷாட்டாகவும், அவள் பார்ப்பதை வேறொரு நாளில் தனி ஷாட்டாகவும் எடுக்க வேண்டும். முகத்தை எடுக்கும்போது அவள் பார்ப்பது ஒரு முக்காலி மேல் வைத்த பிளாஸ்டிக் கோப்பையைத்தான். அலறலும் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்துவிட்டு அப்படியே நிற்கச் சொன்னால் போதும், பார்ப்பவருக்கு அதுவே அதிகம்.

இயக்குநரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள். நிஜமாகப் பயமுறுத்தி முகபாவம் வாங்கக் கூடாது. இரவு பத்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டார் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடிக்குமுன் ரத்தம் கலக்கும்போது அவளையே கரண்டி பிடிக்கவிடுங்கள், கொலைகாரனாக நடிக்கும் அண்ணன் அவள் கண்முன்னே வேஷம் போட்டுக் கழற்றட்டும். இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் அனுப்பாதீர்கள்.

கேள்வி: யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
— படக்குழுவினர்

பதில்: படம் தயாரிக்க பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் உரிமம் வேண்டும், படப்பிடிப்புக்கும் அங்கே சான்றிதழ் எடுக்க வேண்டும். புதிதாக உரிமம் எடுப்பதைவிட, ஏற்கெனவே உரிமம் உள்ள சிறு நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு அதன் பெயரில் எடுப்பது உங்களுக்கு எளிது. தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தில் திடல் எண், தேதி, நேரம் மூன்றும் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக மேனேஜர் சரி என்பார், நடுநிசியில் காவலாளிக்கு அது தெரியாது.

காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, முத்திரை வைத்த நகலைப் படப்பிடிப்பு இடத்தில் வையுங்கள். பாராங் கத்தியைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கையில் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். ரத்தம் பூசிய சட்டையும் கத்தியுமாகத் தேநீர் குடிக்க டவுனுக்குப் போகிறவரை யாரும் நடிகர் என்று நினைக்க மாட்டார்கள். கத்தி எப்போதும் ரப்பராலோ நுரையாலோ செய்ததாக இருக்கட்டும், ஒருவர் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். போலித் துப்பாக்கியைக் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள், அதற்கும் உரிமச் சட்டம் இருக்கிறது. காவலர் சீருடை மாட்டுவதானால் காவல்துறையின் தனி அனுமதி வேண்டும்.

கேள்வி: படம் முடிந்ததும் தோட்ட மண்டபத்தில் ஊருக்குப் போட்டுக்காட்டப் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
— படக்குழுவினர்

பதில்: தணிக்கை முதலில். 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, வாரியத்தின் ஒப்புதல் பெறாத படத்தைத் திரையிட்டால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். இலவசக் காட்சிதானே என்று நினைக்க வேண்டாம். கிடைக்கும் வயது வகையை அழைப்பிதழில் பெரிதாக அச்சிடுங்கள், வாசலில் ஒருவர் நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பட்டும்.

கணினித் திரையில் அழகாகத் தெரிந்த இரவுக்காட்சி மண்டபத்துப் புரொஜெக்டரில் கரிக்கட்டையாகிவிடும். அதற்கென்று சற்று வெளிச்சம் கூட்டிய தனிப் பிரதி ஒன்று எடுத்து, முந்தின இரவே அதே சுவரில் போட்டுப் பாருங்கள். கண்ணாடி ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். ஒலிபெருக்கியைத் திரைக்கு இரு பக்கமும், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வையுங்கள். கூரையை நோக்கி வைத்தால் தகரத்தில் எதிரொலிக்கும்.

அப்புறம் மின்விசிறி. எட்டு விசிறியும் சுற்றினால், நீங்கள் பாடுபட்டு நிறுத்திய அந்தப் பூச்சிச் சத்தம் நின்றது யாருக்கும் கேட்காது. ஒன்பது மணிக்கு மேல் காட்சியை வையுங்கள், சூடு கொஞ்சம் தணிந்திருக்கும். படம் தொடங்கும்வரை விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு மண்டபத்தைக் குளிரவையுங்கள். நெற்றி விளக்குக் காட்சிக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒருவர் எழுந்துபோய் ஒவ்வொன்றாக அணைக்கட்டும்.